பல சோதனைகள், ஒரு தீர்ப்பு

விவசாய ஆராய்ச்சித் துறையில் புள்ளியியல் உத்தியோகம் பார்த்தவன், தன் காலமெல்லாம் அதிகமாகக் கேட்ட கேள்வி எது என்று ஓய்வாக உட்கார்ந்து யோசித்துப் பார்ப்பானாகில், "மொத்தத்தில் என்ன சார் தெரிகிறது?" என்ற ஒன்றே முதலில் நினைவுக்கு வரும். கேட்கிறவர் கையில் ஒரு கட்டுத் தாள் இருக்கும். ஒரே நெல் ரகத்தைப் பல நிலையங்களில் விதைத்துப் பார்த்த பரீட்சையோ, ஒரே வயலில் இருபது குணங்களை அளந்த பரீட்சையோ அந்தத் தாள்களில் அடங்கியிருக்கும்; ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மிகைகாண் சோதனை செய்து, சில எண்களின் தலையில் ஒரு நட்சத்திரமும் சிலவற்றின் தலையில் இரண்டும் இட்டு, மற்றவற்றை வெறுமையாக விட்டிருப்பார்கள். ஒரு சோதனைக்கு விடை சொல்லப் பாடப்புத்தகம் போதும். பல சோதனைகளுக்கும் சேர்த்து ஒரே விடை சொல்ல வேண்டுமென்றால், மேஜைக்கு எதிரே ஒருவர் காத்துக்கொண்டிருக்க, நாமேதான் நிதானித்து நிர்ணயம் செய்தாக வேண்டும். அந்த நிர்ணயத்தைப் பற்றி என் அனுபவத்தில் தெளிந்த சில விஷயங்களை, இத்தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களை முக்கியமாக மனத்தில் வைத்துக்கொண்டு, எழுதுகிறேன்.

தனிச் சோதனையின் நியாயம் எளிது. இரண்டு ரகங்களுக்கும் உண்மையில் வித்தியாசமே கிடையாது என்று முதலில் வைத்துக்கொள்கிறோம்; இதற்கு இன்மைக் கருதுகோள் என்று பெயர். அப்படியிருக்க, நாம் வயலில் கண்ட அளவுக்கோ அதற்கு மேலோ வித்தியாசம், மண்ணின் ஏற்றத்தாழ்வாலும் தற்செயலாலும் மட்டுமே தோன்றுவதற்கு எவ்வளவு நிகழ்தகவு உண்டு என்று கணக்கிடுகிறோம். அதுவே பி மதிப்பு. அது 0.05-க்குக் கீழே இருந்தால் ஒரு நட்சத்திரம், 0.01-க்குக் கீழே இருந்தால் இரண்டு. இந்த ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டவுடனே, சாரமே இல்லாத நூறு சோதனைகளில் சராசரியாக ஐந்து பொய்யாக நட்சத்திரம் பெறும் என்பதையும் தெரிந்தே ஏற்றுக்கொண்டவர்களாகிறோம். ஒரு சோதனையோடு காரியம் முடிந்தால் அதனால் பெரிய அபாயம் இல்லை. ஒன்றையொன்று சாராத இருபது சோதனைகளைச் செய்தால், எங்குமே வித்தியாசம் இல்லாவிட்டாலும், எங்கேயாவது ஒரு நட்சத்திரமாவது விழுவதற்கான நிகழ்தகவு 0.64, நூறு சோதனைகளாக இருந்தால் 0.994. ஆகவே, இருபது வரிகளுள்ள அட்டவணையில் ஒற்றை நட்சத்திரத்தைச் சுட்டிக்காட்டி ஆனந்தப்படுகிறவரைக் காணும்போது, அந்த நட்சத்திரம் விழாமல் இருந்திருந்தால்தான் சற்றே ஆச்சரியம் என்பதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுவது எங்கள் கடமைகளில் ஒன்றாக இருந்தது.

நான் பணியில் சேர்ந்த காலத்தில் எங்கள் அறையில் இருந்தவை கைப்பிடி சுழற்றும் ஃபேசிட் கணக்கு யந்திரங்களும், மடக்கை அட்டவணையும், ஃபிஷரும் யேட்ஸும் 1938-இல் வெளியிட்ட அட்டவணைப் புத்தகமுமே. எங்கள் பிரிவுக்குத் தலைவராக இருந்த பெரியவர், சோதனைகளைச் சேர்த்துப் பார்க்கும் கலையை ஃபிஷரிடமிருந்தே ஆரம்பித்துச் சொல்லிக் கொடுத்தார். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1919 முதல் 1933 வரை பணிபுரிந்த ரொனால்ட் ஃபிஷர், ஆராய்ச்சியாளர்களுக்கென்று 1925-இல் எழுதிய புள்ளியியல் நூலின் 1932-ஆம் வருஷப் பதிப்பில் இந்த முறையை விவரித்தார். தனித்தனியே பார்த்தால் எதுவும் தேறாத சோதனைகள், சேர்த்துப் பார்க்கும்போது தற்செயலுக்கு மிஞ்சிய ஒன்றைக் காட்டக்கூடும் என்பது அவருடைய கருத்து. முறை இதுதான்: ஒவ்வொரு பி மதிப்புக்கும் இயல் மடக்கை எடுத்து, அவற்றைக் கூட்டி, கூட்டுத்தொகையை மைனஸ் இரண்டால் பெருக்க வேண்டும். எல்லாக் கருதுகோள்களும் வெறும் இன்மையாகவே இருந்து, சோதனைகளும் ஒன்றையொன்று சாராதவையாக இருந்தால், கிடைக்கும் எண் கைவர்க்கப் பரவலைப் பின்பற்றும். அதன் வரையற்ற பாகைகள் சோதனைகளின் எண்ணிக்கையைப்போல் இரு மடங்கு. ஃபிஷர் காட்டிய உதாரணத்தில் மூன்று சோதனைகள். பி மதிப்புகள் 0.145, 0.263, 0.087. யந்திரத்தைச் சுழற்றினால் 11.42 வரும். ஆறு பாகைகளுக்கு ஐந்து சதவீத எல்லை 12.59, ஆகவே மூன்றும் சேர்ந்தும் எல்லையைத் தொடவில்லை, ஆனால் எதுவும் தனியாக நின்றதைவிடச் சற்றே அருகே வந்துவிட்டன. பெரியவர் இந்தக் கணக்கை ஒவ்வொரு புதிய உதவியாளனையும் கையால் போட வைப்பார். விடை வந்ததும், "சரி, இதனால் எந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது, சொல்லு" என்று கேட்பார். அந்தக் கேள்வியின் முழு அர்த்தம் விளங்க எனக்குச் சில வருஷங்கள் பிடித்தன.

அது விளங்கியது ரகப் பரீட்சைகளில். தமிழ்நாட்டில் ஒரு புதிய நெல் ரகத்தை வெளியிடுவதற்கு முன் அதைப் பல இடங்களில் விதைத்துப் பார்ப்பது வழக்கம். காவிரிப் படுகையின் களிமண்ணில் உள்ள ஆடுதுறையும், தாமிரபருணிப் பாசனத்தில் உள்ள அம்பாசமுத்திரமும், வறட்சிக்குப் பழகிய பரமக்குடியும் மண்ணாலும் தண்ணீராலும் வெவ்வேறு உலகங்கள். இப்படி ஐந்து இடங்களின் முடிவுகள் வந்திருப்பதாகவும், கணக்கு எளிதாக இருக்கும்பொருட்டு, ஐந்து இடங்களிலும் புதிய ரகம் மேலானது என்ற பக்கத்திலே பி மதிப்பு சரியாக 0.10 என்றும் வைத்துக்கொள்வோம். ஓர் இடத்திலும் நட்சத்திரம் இல்லை. ஃபிஷர் முறைப்படி சேர்த்தால் 23.03 வரும், பத்துப் பாகைகளுக்கு அதன் பி மதிப்பு ஏறக்குறைய 0.011. இப்போது இன்னொரு ரகத்துக்கு நான்கு இடங்களில் பி மதிப்பு 0.50, அதாவது பக்கமே சாயாத நிலை, ஐந்தாவது இடத்தில் மட்டும் 0.0001 என்று வைத்துக்கொள்வோம். அதற்கும் ஃபிஷர் முறைப்படி சேர்த்தால் 23.97, பி மதிப்பு சுமார் 0.008. எல்லா மண்ணிலும் மெல்ல மேலோங்கிய ரகமும், ஒரே மண்ணில் கொடிகட்டிப் பறந்து மற்ற இடங்களில் சும்மா இருந்த ரகமும், இந்த முறையின் முன்னே ஏறத்தாழ ஒரே தராதரத்தில் நிற்கின்றன!

இதே எண்களை வேறு இரண்டு முறைகளில் போட்டுப் பார்த்தால் விஷயம் பளிச்சென்று விளங்கும். இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கச் சிப்பாய்களின் மனப்பான்மையை ஆராய்ந்த சாமுவேல் ஸ்டாஃபர், 1949-இல் வந்த பெருநூல் ஒன்றின் அடிக்குறிப்பிலே ஒரு வழியைச் சொல்லி வைத்தார். ஒவ்வொரு பி மதிப்பையும் இயல்நிலைப் பரவலின் அளவாக மாற்றி, கூட்டி, சோதனைகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். அப்படிச் செய்தால் முதல் ரகத்துக்கு 0.002, இரண்டாவதுக்கு 0.048. இங்கிலாந்தில் பருத்தி ஆலைத் தொழில் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த டிப்பெட் 1931-இல் சொன்ன வழியோ, எல்லாவற்றிலும் சிறிய பி மதிப்பை மட்டும் எடுத்து, இத்தனை சோதனைகளில் இவ்வளவு சிறியது தற்செயலாக வருமா என்று கேட்பது. அதன்படி முதல் ரகத்துக்கு 0.41, அதாவது ஒன்றுமே இல்லை, இரண்டாவதுக்கு 0.0005, அசைக்க முடியாத நிரூபணம். கணக்குகளில் பிசகு ஏதும் இல்லை. மூன்று முறைகளும் ஒரே இன்மைக் கருதுகோளை, எங்குமே வித்தியாசம் இல்லை என்பதையே, சோதிக்கின்றன. ஆனால் அந்தக் கருதுகோள் எந்த விதத்தில் பொய்த்திருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் கூர்மை அதிகம் என்பதில் அவை முற்றிலும் வேறுபடுகின்றன. பரவலாக, ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும் சிறு ஆதாரங்களுக்கு ஸ்டாஃபர் செவிசாய்க்கிறார். ஒற்றைப் பெரிய ஆதாரத்துக்கு டிப்பெட். இரண்டுக்கும் ஓரளவு ஃபிஷர்.

ஆகையால், "எந்த முறை சார் சரி?" என்று நெல் ஆராய்ச்சியாளர் கேட்கும்போது நான், "இந்த ரகத்தை யாருக்குச் சிபாரிசு செய்யப் போகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்பதை வழக்கமாகக் கொண்டேன். மாநிலம் முழுவதற்கும் என்றால் எல்லா இடத்துச் சாட்சியமும் ஒருமுகமாக நிற்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு வட்டாரத்துக்கு என்றால் மற்ற நான்கு நிலையங்கள் மௌனமாக இருப்பது அந்த ரகத்துக்கு ஒரு குறையாகாது. இந்தப் பதிலை எண்கள் வருவதற்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். எண்களைப் பார்த்த பிறகு முறையைத் தேர்ந்தெடுக்கிறவர், மூன்று முறைகளையும் போட்டுச் சிறியதை எடுத்துக்கொண்டவர் ஆகிறார். அந்தத் தேர்வே இன்னொரு கணக்கில் வராத சோதனை.

திசையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இரு பக்கப் பி மதிப்புகளை அப்படியே ஃபிஷர் முறையில் சேர்ப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்று இடங்களில் மகசூலைக் கூட்டி, இரண்டு இடங்களில் அதே அளவுக்குக் குறைத்த ஒரு ரகத்துக்கும் அந்த வழியில் மிகச் சிறந்த மொத்தப் பி மதிப்பு கிடைத்துவிடும். வித்தியாசம் உண்டு என்பது மெய்தான். அதை நம்பி விதைக்கிற விவசாயிகளில் ஒரு பகுதியார் நஷ்டப்படுவார்கள் என்பதும் மெய்தான். எல்லாச் சோதனைகளையும் ஒரே பக்கத்திலிருந்து பார்த்த பி மதிப்புகளாக மாற்றிய பிறகே சேர்க்க வேண்டும். மூலத் தரவே கையில் இருந்தால், பி மதிப்புகளைக் கூட்டும் காரியமே வேண்டியதில்லை. யேட்ஸும் காக்ரனும் 1938-இல் பரீட்சைத் தொகுதிகளைப் பகுத்தாராயும் வழியை எழுதியபோதே, மகசூல் வித்தியாசங்களைத் திட்டப்பிழையோடு சேர்த்துப் பார்த்து, ரகத்தின் சராசரி மேன்மை எவ்வளவு, அந்த மேன்மை இடத்துக்கு இடம் எவ்வளவு மாறுகிறது என்று இரண்டையும் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். பி மதிப்பைச் சேர்ப்பது, பிறர் எழுதிய அறிக்கைகளில் அந்த ஓர் எண்ணைத் தவிர வேறொன்றும் மிஞ்சாதபோது செய்ய வேண்டிய காரியம்.

இதைவிடப் பெரிய அபாயம் சார்பின்மை என்ற நிபந்தனையில் ஒளிந்திருக்கிறது. வெவ்வேறு நிலையங்களின் முடிவுகள் ஒன்றையொன்று சாராதவை என்று ஓரளவு நம்பலாம். ஒரே பாத்தியில் தூர் எண்ணிக்கை, கதிரின் நீளம், கதிருக்கு எத்தனை மணி, ஆயிரம் மணியின் எடை, வைக்கோல் எடை என்று ஐந்தை அளந்து, ஐந்துக்கும் ஐந்து பி மதிப்பு எழுதிக்கொண்டு வருகிறவரின் எண்கள் அப்படிப்பட்டவை ஆகமாட்டா. ஒரே சாட்சி ஐந்து முறை கூண்டில் ஏறி ஒரே வாக்குமூலத்தைச் சொன்னால் அது ஐந்து சாட்சியம் ஆகாது. ஆனால் ஃபிஷர் சூத்திரத்துக்கு அது தெரியாது. ஒரே சோதனையின் 0.10 என்ற பி மதிப்பை ஐந்து தடவை பிரதி எடுத்துச் சூத்திரத்துக்குள் போட்டால், அது தயங்காமல் 0.011 என்று விடை சொல்லும். இதற்குப் பரிகாரமாக, சூத்திரத்தின் பாகைகளைத் தொடர்புக்கு ஏற்பத் திருத்தும் வழியொன்றை மார்ட்டன் பிரவுன் 1975-இல் சொன்னார். கணிப்பொறி கைக்கு வந்த பிறகு நாங்கள் விரும்பிச் செய்தது வேறு: ரகங்களின் பெயர்களை ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் கலைத்துப் போட்டு, அந்தப் பொய்யான அமைப்பில் எல்லாச் சோதனைகளையும் மீண்டும் செய்து, கிடைக்கும் மிகச் சிறிய பி மதிப்பைக் குறித்துக்கொண்டு, இதையே ஆயிரக்கணக்கான தடவை திருப்பிச் செய்து, மெய்யான அமைப்பில் கிடைத்த மிகச் சிறிய பி மதிப்பு அந்த வரிசையில் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. குணங்களுக்குள் இருக்கும் தொடர்பை நாம் அளக்க வேண்டியதில்லை. கலைத்துப் போடும்போது ஒரு பாத்தியின் ஐந்து அளவுகளும் சேர்ந்தே நகர்வதால், தொடர்பு தானாகவே கணக்கில் சேர்ந்துவிடுகிறது. வெஸ்ட்ஃபாலும் யங்கும் 1993-இல் இதை ஒரு நூலாகவே எழுதினார்கள்.

மொத்தத்தில் ஏதோ உண்டு என்று தெரிந்த பிறகு, "அப்படியானால் எவை?" என்ற அடுத்த கேள்வி உடனே வரும். முதல் கேள்வியின் விடையை இரண்டாவதன் விடையாக எடுத்துக்கொள்வது எங்கள் தொழிலில் சர்வசாதாரணமாக நடக்கும் குழப்பம். எவை என்று பெயர் சொல்ல வேண்டுமானால், சோதனைகளின் எண்ணிக்கையால் எல்லையை வகுத்துவிடும் போன்ஃபெரோனி முறை மிகப் பழையது. அதை ஆலிவ் டன் 1961-இல் ஆராய்ச்சியாளர்களின் உபயோகத்துக்கு ஏற்றபடி விளக்கினார். இருபது சோதனைகளுக்கு எல்லை 0.05 என்பதிலிருந்து 0.0025 ஆக இறங்கும். ஒரு பொய் நட்சத்திரமும் விழக்கூடாது என்ற கண்டிப்புக்கு அது உகந்தது; ஆனால் அந்தக் கண்டிப்பில் மெய்யான பலவும் அடிபட்டுப் போகும். டெல் அவீவ் சர்வகலாசாலையைச் சேர்ந்த பென்யமினியும் ஹாக்பெர்கும் 1995-இல் கேள்வியையே மாற்றினார்கள்: உண்டு என்று நாம் அறிவிக்கிறவற்றுள் பொய்யானவற்றின் விகிதம் சராசரியில் ஐந்து சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதாதா? அவர்கள் வழியில், பி மதிப்புகளைச் சிறியதிலிருந்து வரிசைப்படுத்தி, முதலாவதை 0.0025-உடனும், இரண்டாவதை 0.005-உடனும், மூன்றாவதை 0.0075-உடனும் இப்படியே ஒப்பிட்டு, தன் எல்லைக்குள் அடங்கும் கடைசி எண் வரையில் எல்லாவற்றையும் ஏற்க வேண்டும். இருபதில் சிறிய ஆறு மதிப்புகள் 0.0008, 0.004, 0.007, 0.009, 0.012, 0.03 என்றும், மற்றவை பெரியவை என்றும் வைத்துக்கொண்டால், சாதாரணக் கணக்கில் ஆறு, போன்ஃபெரோனியில் ஒன்று, இவர்கள் கணக்கில் ஐந்து தேறும். பின்னால் தொடரப்போகும் ஆராய்ச்சிக்கு ஐந்து பெயர்களைத் தேர்ந்தெடுக்கிறவருக்கு இது உற்ற துணை; நாளைக்கே ஒரு மருந்தை நோயாளிக்குக் கொடுக்கப்போகிறவருக்குப் பழைய கண்டிப்பே மேல். மரபணு ஆராய்ச்சிக்காரர்கள், ஏறக்குறைய பத்து லட்சம் சாராச் சோதனைகள் என்று மதிப்பிட்டு, பத்துக் கோடியில் ஐந்து என்ற எல்லையை வைத்துக்கொண்டிருப்பதும் அதே கண்டிப்பின் விளைவுதான்.

இத்தனை முறைகளும் ஓர் எண்ணை நம்பியே நிற்கின்றன: எத்தனை சோதனைகள் செய்யப்பட்டன என்பது. எங்கள் மேஜைக்கு வரும் கட்டில் இருபது தாள்கள் இருக்கும். அலமாரியில் எத்தனை தாள்கள் தங்கிவிட்டன என்பது கொண்டுவந்தவருக்கே சில சமயம் மறந்துபோயிருக்கும். நட்சத்திரங்களை எண்ணிப் பார்ப்பது என்ற மிக எளிய முறையிலேயே இதன் விபரீதம் தெரியும். இருபது சாராச் சோதனைகளில் மூன்றோ அதற்கு மேலோ நட்சத்திரங்கள் தற்செயலாக விழ நிகழ்தகவு 0.075, நான்கோ அதற்கு மேலோ விழ 0.016. ஆகவே இருபதில் நான்கு என்பது குறிப்பிடத்தக்க சேதி. ஆனால் அந்த இருபது, நாற்பதிலிருந்து பொறுக்கி எடுத்த இருபதாக இருந்துவிட்டால், நாற்பதில் நான்கு என்பதில் சேதி ஒன்றும் இல்லை.

வைத்தியத் துறையிலிருந்து ஆலோசனைக்கு வந்த இளைஞர்களுக்கு இதைச் சொல்ல நான் எப்போதும் ஒரே உதாரணத்தைத்தான் எடுத்துக்கொண்டேன். மாரடைப்பு வந்த 17,187 நோயாளிகளிடம் ஆஸ்பிரின் மாத்திரையையும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தையும் சோதித்த ஒரு மாபெரும் பரீட்சையின் முடிவுகள் 1988-இல் லான்செட் பத்திரிகையில் வெளிவந்தன. ஆஸ்பிரின், ஐந்து வாரங்களில் இதய ரத்தநாள மரணங்களைச் சுமார் 23 சதவீதம் குறைத்தது என்பது ஐயத்துக்கு இடமில்லாத முடிவு. நோயாளிகளைப் பல உட்பிரிவுகளாகப் பிரித்துத் தனித்தனியே முடிவு காட்டுவதன் ஆபத்தை உணர்த்த விரும்பிய ஆசிரியர்கள், அவர்களைப் பிறந்த ராசியின்படியும் பிரித்து அச்சிட்டார்கள். மிதுன ராசிக்கும் துலா ராசிக்கும் ஆஸ்பிரின் சற்றே கெடுதி செய்வதுபோலவும், மற்ற ராசிக்காரர்களுக்குப் பிரமாதமாக நன்மை செய்வதுபோலவும் எண்கள் வந்தன! ஜோசியத்தில் நம்பிக்கையுள்ள தேசத்தில் இந்த உதாரணத்தைச் சொல்லும்போது கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரித்து முடிந்ததும், "உங்கள் அட்டவணையில் வயது, எடை, சர்க்கரை, புகை என்று பிரித்திருக்கிறீர்களே, அவற்றில் எது மெய், எது மிதுன ராசி என்று எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்பேன். ஒருவரும் சிரிப்பதில்லை.

என் அனுபவத்தில் பலித்த பரிகாரம் மிக எளியது. ஆலோசனை கேட்டு வருகிறவர்கள் பூர்த்தி செய்ய வேண்டிய படிவத்தில், கணக்கைப் பற்றிய கேள்விகளுக்கெல்லாம் முன்னால், எத்தனை குணங்களை அளந்தீர்கள், எத்தனை இடங்களில், எத்தனை விதமாகப் பிரித்துப் பார்த்தீர்கள், எவற்றை விட்டுவிட்டீர்கள், ஏன் என்ற வரிகளைச் சேர்த்தோம். முதலில் முணுமுணுப்பு எழுந்தது. நாளடைவில், பரீட்சை தொடங்குவதற்கு முன்பே அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கிச் செல்கிறவர்கள் ஏற்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த முடிவுகளுக்கு மொத்தத் தீர்ப்பு எழுதுவது எங்களுக்கும் சுலபமாயிற்று.

இன்று கணிப்பொறியில் ஒரு வரி எழுதினால் பத்து முறைகளில் பத்து மொத்தப் பி மதிப்புகள் வந்து விழுகின்றன. கணக்குப் போடும் சிரமம் தீர்ந்துவிட்டபடியால், யோசிக்கும் சிரமமும் தீர்ந்துவிட்டது என்று இளைஞர்கள் எண்ணிவிடக் கூடாது. எங்காவது ஏதாவது உண்டா, எவை எவை, அறிவிக்கிறவற்றுள் பொய் எவ்வளவு என்ற மூன்று கேள்விகளில் உங்களுடையது எது என்று முதலில் எழுதுங்கள். சோதனைகள் ஒன்றையொன்று சார்ந்தவையா என்று பாருங்கள். செய்த சோதனைகளை, நட்சத்திரம் பெறாதவற்றையும் சேர்த்து, எண்ணிச் சொல்லுங்கள். மொத்தப் பி மதிப்பின் பக்கத்திலேயே வித்தியாசம் எத்தனை கிலோ, அதன் திட்டப்பிழை எவ்வளவு என்பதையும் அச்சிடுங்கள். இந்த நான்கும் இல்லாத மொத்தத் தீர்ப்பு எவ்வளவு சிறிய பி மதிப்போடு வந்தாலும் அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.